அகத்தி இலையில் பிறந்த படிகம்

"சித்தப்பா, வைரஸைப் படிகமாக்கலாமாமே? உசுரோட இருக்குறது எப்படிக் கல்லாகும்?"

தாவரவியல் படிக்கிற அண்ணன் மகள் கேட்டாள். பேராவூரணியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மாலைத் தேநீர் நேரத்தில். ஈஸ்ட்டுக்குள் வாழும் ஒரு வைரஸைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே செலுத்தி, அதன் உருவத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று அவளுடைய புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குள் எத்தனையோ பேருடைய எத்தனையோ வருட உழைப்பு இருக்கிறது. இன்னும் இரண்டு டம்ளர் டீ போடச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தோம்.

"ஈஸ்ட்டுக்கு அப்புறம் வருவோம் பாப்பா. முதல்ல கொல்லையில நிக்கிற அகத்தியைப் பாரு."

அகத்தியை நம் பக்கத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துவாதசிக்குச் சமையலில் இருக்கும், ஆட்டுக்குத் தழையாகும், கொடிக்காலில் வெற்றிலைக் கொடிக்குத் துணையாக நிற்கும். அதற்கும் ஒரு வைரஸ் நோய் உண்டு. இலையில் பச்சையும் வெளிர்மஞ்சளும் திட்டுத் திட்டாகத் தெரியும். திருப்பதியைச் சுற்றியுள்ள விவசாயிகளின் நிலங்களில் நின்ற அகத்திச் செடிகளில் இந்த நோயைக் கண்டு, அதற்குக் காரணமான வைரஸை 1982-இல் அறிவித்தவர்கள் ஸ்ரீநிவாசுலுவும் எம்.வி. நாயுடுவும். செஸ்பேனியா மொசைக் வைரஸ் என்று பெயர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.என். மூர்த்தியும் எச்.எஸ். சாவித்திரியும் தங்கள் மாணவர்களோடு சேர்ந்து இதே வைரஸைப் படிகமாக்கினார்கள். 1993-இல் அதன் உருவம் மங்கலாகத் தெரிந்தது. 1995-இல் 3 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில், அதாவது புரதச் சங்கிலி எந்த இடத்தில் எப்படி வளைகிறது என்று பின்தொடரும் அளவுக்கு, தெளிவாகத் தெரிந்தது. கொல்லையில் நிற்கும் ஒரு மரத்தின் நோயிலிருந்து புறப்பட்டு இவ்வளவு தூரம் போன ஆராய்ச்சி நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஈஸ்ட் வைரஸுக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது, அகத்தி வைரஸுக்கு அதுவும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இப்போது அவள் கேள்விக்கு வருகிறேன். வைரஸ் செல்லுக்கு வெளியே இருக்கும்போது எதையும் தின்பதில்லை, வளர்வதில்லை, பெருகுவதில்லை. புரதத்தால் ஆன ஓடு, அதற்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. அகத்தி வைரஸைப் போன்ற எளிய வைரஸ்களில் இவ்வளவுதான். இத்தகைய வைரஸ்களில் ஒரே வகையைச் சேர்ந்த ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உருவத்தில் வித்தியாசம் கிடையாது. ஒரே அளவும் ஒரே வடிவமும் உள்ள துகள்கள் கோடிக்கணக்கில் இருந்தால், அவை வரிசை பிடித்து அடுக்காக நிற்பதற்கு வழியும் இருக்கிறது. அப்படி அடுக்காக நிற்பதைத்தான் படிகம் என்கிறோம்.

1935-இல் அமெரிக்காவில் வெண்டல் ஸ்டான்லி புகையிலை மொசைக் வைரஸை ஊசி ஊசியான படிகங்களாகப் பிரித்தெடுத்துக் காட்டியபோது உலகமே அவள் கேட்ட கேள்வியைத்தான் கேட்டது. நோயுற்ற புகையிலை இலையை டன் கணக்கில் அரைத்து, அதிலிருந்து சில கரண்டி அளவுக்கே அவருக்குப் படிகம் கிடைத்தது. அதைக் கரைத்து நல்ல செடியின் இலையில் தேய்த்தால் மறுபடியும் நோய் வந்தது. படிகமாக இருந்த காலத்தில் அது செத்துப்போகவில்லை. ஸ்டான்லி அதை வெறும் புரதம் என்று நினைத்தார். உள்ளே ஆர்.என்.ஏ. இருப்பதை அடுத்த ஓரிரு வருடங்களில் இங்கிலாந்தின் பாடனும் பிரியும் காட்டினார்கள். ஸ்டான்லிக்கு 1946-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

"சரி சித்தப்பா, படிகம் எதுக்கு? மைக்ரோஸ்கோப்ல பாத்தா போதாதா?"

போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அகத்தி வைரஸின் குறுக்களவோ சுமார் 30 நானோமீட்டர். பார்க்க வேண்டிய பொருள் அலையைவிட அவ்வளவு சின்னதாக இருந்தால், எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் விவரம் தெரியாது. அணுக்கள் இருக்கும் இடத்தை அறிய அணுக்களுக்கு இடையிலுள்ள தூரத்துக்கு நிகரான அலை வேண்டும். ஒரு ஆங்ஸ்ட்ராம், ஒன்றரை ஆங்ஸ்ட்ராம் அளவில் எக்ஸ்ரே இருக்கிறது. பத்து ஆங்ஸ்ட்ராம் சேர்ந்தால் ஒரு நானோமீட்டர். ஆனால் ஒரே ஒரு வைரஸ் மீது எக்ஸ்ரே விழுந்தால் சிதறி வருவது அளக்கவே முடியாத அளவுக்குக் கொஞ்சம். அதை அதிகமாக்க இன்னும் இன்னும் எக்ஸ்ரே பாய்ச்சினால் வைரஸே சிதைந்துபோகும்.

படிகம் இங்கேதான் உதவுகிறது. ஒரு பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் உள்ள படிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் பத்தாயிரம் வைரஸ் நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஒரு லட்சம் கோடி. எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, ஒரே இடைவெளியில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் சிதறும் எக்ஸ்ரே சில திசைகளில் ஒன்றுக்கொன்று வலுச் சேர்க்கிறது, மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. வலுச் சேர்ந்த இடங்களில் பதிவுத் தகட்டில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளின் இடமும் அடர்த்தியும்தான் நமக்குக் கிடைக்கும் தகவல்.

அந்த வரிசையை எப்படி உண்டாக்குவது? அதிராம்பட்டினம் உப்பளத்தை அவள் பார்த்திருக்கிறாள். பாத்தியில் கடல்நீரைத் தேக்கி வெயிலில் விடுகிறார்கள். நீர் வற்ற வற்றக் கரைசல் செறிவாகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் உப்பு கரைந்திருக்க முடியாமல் பரலாகப் பூக்கிறது. வைரஸ் படிகமும் அதே விதியில்தான் வளர்கிறது. உப்புக்குச் சோடியமும் குளோரினும் இரண்டு சின்ன அணுக்கள், சட்டென்று இடத்தில் உட்கார்ந்துவிடும். வைரஸ் துகளிலோ லட்சக்கணக்கான அணுக்கள் இருக்கின்றன. அது சரியான திசையில் திரும்பிப் பக்கத்துத் துகளோடு பொருந்த நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் கண்டபடி ஒட்டிக்கொண்டு கலங்கல் வண்டலாகக் கீழே படிந்துவிடும். வண்டலிலிருந்து எந்தப் புள்ளியும் கிடைக்காது.

ஆகவே நீரை மிக மெதுவாக வாங்க வேண்டும். இதற்கான முறை எளிமையானது, அழகானது. சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் உப்போ பாலிஎத்திலீன் கிளைக்காலோ கரைத்த செறிவான கரைசல். கண்ணாடிச் சில்லு ஒன்றில் வைரஸ் கரைசல் ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் வைத்து, அதே அளவு குழிக் கரைசலையும் கலந்து, சில்லைத் தலைகீழாகத் திருப்பிக் குழியின் மேல் மூட வேண்டும். ஓரத்தில் கிரீஸ் தடவி காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். துளி தொங்கிக்கொண்டே இருக்கும். துளியைவிடக் கீழே இருக்கும் கரைசல் செறிவு கூடியது என்பதால், துளியிலுள்ள நீர் ஆவியாகிக் கீழே போய்ச் சேரும். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில், துளி செறிவாகும். இதற்குத் தொங்குதுளி முறை என்று பெயர்.

எந்த உப்பு, எவ்வளவு, எந்த அமிலத்தன்மை, எந்த வெப்பநிலை என்பதை முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை சூத்திரம் கிடையாது. நூற்றுக்கணக்கான குழிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கலவை வைத்துப் பார்க்க வேண்டும். அதிர்வு கூடாது, வெப்பநிலை மாறக் கூடாது. தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கவும் கூடாது. ஒரு குழியில் மினுங்குவது தெரிந்தால் அது வைரஸ் படிகமா, கரைசலில் இருந்த உப்பே படிகமாகிவிட்டதா என்ற சந்தேகம் வரும். மெல்லிய ஊசியால் தொட்டுப் பார்ப்பார்கள். உப்பென்றால் கடினமாக நிற்கும். புரதப் படிகமென்றால் பொடிந்துபோகும், ஏனென்றால் அதில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். தாம் வளர்த்ததைத் தாமே உடைத்துப் பார்த்துத்தான் அது சரியானதா என்று தெரிந்துகொள்கிறார்கள்.

படிகத்துக்குள் தண்ணீர் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவே ஒரு தற்செயல் தேவைப்பட்டது. ஸ்வீடனின் உப்சாலாவில் ஜான் ஃபில்பாட் என்பவர் பெப்சின் என்ற செரிமானப் புரதத்தை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு விளையாடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் 2 மில்லிமீட்டர் நீளத்துக்குப் படிகங்கள். அங்கே வந்த நண்பர் ஒருவர் சிலவற்றை அவை வளர்ந்த நீரோடு குப்பியிலேயே கேம்பிரிட்ஜுக்கு எடுத்துப் போய் ஜே.டி. பெர்னாலிடம் கொடுத்தார். அதற்கு முன் எல்லோரும் புரதப் படிகத்தை உலர்த்தி எக்ஸ்ரேயில் வைத்தார்கள், உருப்படியாக எதுவும் தெரியவில்லை. பெர்னாலும் டோரதி குரோஃபுட்டும் 1934-இல் அதை ஈரத்தோடு கண்ணாடிக் குழலில் அடைத்து வைத்தார்கள். தகடு முழுக்கப் புள்ளிகள். புரதப் படிகவியல் அன்றைக்குத் தொடங்கியது. ஆள் இல்லாத நேரத்தில் படிகம் வளர்ந்தது என்பதை நான் முக்கியமாகச் சொல்வேன். வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பதும் இந்த வேலையில் ஒரு திறமைதான்.

இதே பெர்னால் 1952-ஐ ஒட்டி சென்னைக்கு வந்தபோது, கிண்டியில் பல்கலைக்கழக இயற்பியல் துறையைத் தொடங்கியிருந்த ஜி.என். ராமச்சந்திரனிடம் கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னார். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் அதை எடுத்துக்கொண்டு, மூன்று சங்கிலிகள் முறுக்கிய அமைப்பைச் சில வருடங்களிலேயே முன்வைத்தார்கள். 1963-இல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடம் இன்று உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் புரத அமைப்பைத் தீர்த்தாலும் சரிபார்க்கப் பயன்படுகிறது. அகத்தி வைரஸுக்கும் ஈஸ்ட் வைரஸுக்கும் அந்தச் சோதனை உண்டு.

அகத்தி வைரஸுக்குத் திரும்புவோம். நோயுற்ற இலையைச் சேர்த்து அரைத்து, துணியில் வடிகட்டி, பச்சையத்தையும் செடியின் மற்றப் புரதங்களையும் நீக்கி, அதிவேகச் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி வைரஸை மட்டும் பிரிப்பது தாவர வைரஸ்களுக்கு வழக்கமான முறை. இந்தச் சுத்தம் குறைந்தால் பிறகு எத்தனை குழி வைத்தாலும் படிகம் வராது. நான் கேட்டவரை, படிகம் வளர்த்தவர்கள் எல்லோரும் அடித்துச் சொல்வது இதைத்தான்.

படிகம் கிடைத்து, எக்ஸ்ரேயும் எடுத்தாகிவிட்டது. அப்போதும் படம் தெரியாது. புள்ளியின் அடர்த்தியை அளக்கலாம், ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதைத் தகடு பதிவு செய்வதில்லை. அந்தத் தகவல் இல்லாமல் உருவத்தைத் திருப்பிக் கட்ட முடியாது. எக்ஸ்ரேயைக் குவித்துப் படமாக்கும் லென்ஸும் இந்த வேலைக்கு இல்லை. பெங்களூர்க் குழு உறவுக்கார வைரஸ் ஒன்றின் உதவியை நாடியது. பீன்ஸ் செடியைத் தாக்கும் தென்பகுதி பீன்ஸ் மொசைக் வைரஸின் அமைப்பை 1980-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன் குழு தீர்த்திருந்தது. மூர்த்தி அந்த ராஸ்மனிடம் வேலை பழகியவர். அந்த அமைப்பை ஆரம்ப மாதிரியாக வைத்து, ஒரே புரதம் ஓட்டில் திரும்பத் திரும்ப வருவதைச் சாதகமாக்கி, கணக்கைப் படிப்படியாகத் திருத்தி அகத்தி வைரஸின் உருவத்தை எடுத்தார்கள்.

அதில் கண்டது என்ன? ஓட்டில் ஒரே புரதம் 180 தடவை. 12 இடங்களில் ஐந்து ஐந்தாகவும், 20 இடங்களில் ஆறு ஆறாகவும் சேர்ந்திருக்கின்றன. 12 ஐந்து 60, 20 ஆறு 120, கூட்டினால் 180. ஒரே புரதம் ஒரு இடத்தில் ஐந்துபேர் வட்டத்திலும் இன்னொரு இடத்தில் ஆறுபேர் வட்டத்திலும் எப்படிப் பொருந்துகிறது? அதன் ஆரம்பப் பகுதி சில இடத்தில் மடிந்து ஒழுங்காகவும், சில இடத்தில் ஒழுங்கின்றித் தொங்கியும் இருக்கிறது. பின்னால் சாவித்திரி குழுவும் மூர்த்தி குழுவும் அந்த ஆரம்பப் பகுதியின் 65 அமினோ அமிலங்களை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஓடு உருவானது. ஆனால் 180 அல்ல, 60 புரதங்களோடு சின்ன ஓடாக உருவானது. பெரிய ஓடு கட்டும் திறன் அந்தத் துண்டில் இருந்தது என்பது அப்போது உறுதியாயிற்று. புரதங்களுக்கு நடுவில் கால்சியம் அயனிகள் உட்கார்ந்து ஓட்டை இறுக்கிப் பிடித்திருப்பதும் படிகத்தில் தெரிந்தது. கால்சியத்தை எடுத்துவிட்டால் ஓடு தளர்கிறது. செடியின் செல்லுக்குள் கால்சியம் மிகக் குறைவு, அங்கே போனதும் ஓடு தளர்ந்து ஆர்.என்.ஏ. வெளியே வருவதற்கு இது வழி என்று கருதுகிறார்கள்.

"இப்ப ஈஸ்ட்டுக்கு வாங்க" என்றாள். டீ இரண்டாவது தடவையும் தீர்ந்திருந்தது.

ஈஸ்ட் வைரஸின் கதை வேறு. எல்-ஏ என்று அதற்குப் பெயர். பன்னைப் பொங்க வைக்கிற அதே இன ஈஸ்ட்டில், பல வகைகளில், அது குடியிருக்கிறது. வெளியே வந்து இன்னொரு செல்லைத் தொற்றுவதில்லை. தாய்ச் செல் பிளக்கும்போது மகளுக்கும், இரண்டு செல்கள் இணையும்போது துணைக்கும் போய்ச் சேர்கிறது. ஈஸ்ட்டுக்கும் இதனால் பெரிய கேடு இல்லை, ரொட்டி தின்னும் நமக்கும் இல்லை. 1963-இல் பெவனும் மகோவரும், சில ஈஸ்ட் வகைகள் பக்கத்து ஈஸ்ட்டைக் கொல்வதைக் கவனித்தார்கள். கொல்வதற்கு அவை சுரக்கும் நஞ்சுக்கான செய்தி எம் என்ற இன்னொரு சிறு ஆர்.என்.ஏ.வில் இருக்கிறது. அந்த எம்முக்குச் சொந்த ஓடு கிடையாது. எல்-ஏ செய்யும் ஓட்டுக்குள்தான் அது வாழ்கிறது. ஈஸ்ட் தன் போட்டியாளரைக் கொல்லும் ஆயுதம் ஒரு வைரஸின் தயவில் இருக்கிறது.

ஈஸ்ட்டை லிட்டர் கணக்கில் வளர்ப்பது சுலபம். செல்களை உடைத்து, சீசியம் குளோரைடு கரைசலில் சுழற்றினால் வைரஸ் தன் அடர்த்திக்கு ஏற்ற உயரத்தில் ஒரு பட்டையாக நிற்கும், அதை உறிஞ்சி எடுக்கலாம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரீட் விக்னர் இந்த வைரஸைப் பல வருடங்களாக ஆராய்ந்துவந்தவர். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஜான் ஜான்சனின் குழுவில் ஹிசாஷி நைட்டோவும் மற்றவர்களும் அதன் படிகத்தை வளர்த்தார்கள். 2002-இல் 3.4 ஆங்ஸ்ட்ராமில் அமைப்பு வெளியானது. சுமார் 40 நானோமீட்டர் ஓட்டில் 120 புரதங்கள், 60 ஜோடி. ஜோடியில் இரண்டும் ஒரே புரதம்தான், ஆனால் நிற்கும் சூழல் வேறு.

இந்த ஓடு அகத்தி வைரஸின் ஓட்டைப் போன்றதல்ல. அது உள்ளே போனதும் தளர வேண்டும், இது கடைசிவரை மூடியே இருக்க வேண்டும். எல்-ஏவின் ஆர்.என்.ஏ. இரட்டை இழை. பல உயிரினங்களின் செல்கள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டால் எதிரி வந்துவிட்டதென்று நறுக்கிவிடும். பன் ஈஸ்ட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆய்வாளர்கள் வேறொரு ஈஸ்ட்டிலிருந்து அதை எடுத்துப் பன் ஈஸ்ட்டுக்குள் வைத்துப் பார்த்தபோது கொல்லும் வைரஸ் காணாமல் போனதாக 2011-இல் எழுதினார்கள். எல்-ஏ தன் செய்தியை ஓட்டுக்குள்ளேயே படியெடுக்கிறது. ஓட்டில் சிறு துளைகள் படிகத்தில் தெரிந்தன. மூலப்பொருள் உள்ளே போகவும், படியெடுத்த ஒற்றை இழை வெளியே வரவும் போதும். இரட்டை இழை வெளியே வர முடியாத அகலம்.

இன்னொன்றும் தெரிந்தது. செல்லின் செய்தி ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றின் முனையிலும் கேப் எனப்படும் சிறு வேதிப்பகுதி உண்டு. அது இல்லாத ஆர்.என்.ஏ.வைச் செல் அரித்துத் தின்றுவிடும். எல்-ஏவின் படிகளுக்கு இயல்பாகக் கேப் கிடையாது. ஓட்டின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம், அதில் 154-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். செல்லின் ஆர்.என்.ஏ.விலிருந்து கேப்பைப் பிடுங்குவது அந்த இடம் என்று உயிர்வேதியியல் முன்பே சொல்லியிருந்தது. அது எங்கே, எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று படிகம் காட்டியது. பிடுங்கிய கேப்பைத் தன் படிகளுக்கே வைரஸ் சூட்டிக்கொள்கிறது என்பதை 2011-இல் ஃபுஜிமுராவும் எஸ்தபானும் காட்டினார்கள். ஓடு என்றால் வெறும் உறை என்று நினைத்தால் அது தப்பு. இங்கே ஓடே ஒரு நொதியாக வேலை செய்கிறது.

"இப்பல்லாம் படிகமே இல்லாம பாக்குறாங்களாமே?"

உண்மை. உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்துவிட்டது. 2017-இன் வேதியியல் நோபல் அதற்குத்தான். பெங்களூரிலும் அதற்கு ஒரு தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. வைரஸ் கரைசலைச் சட்டென்று உறைய வைத்து, ஆயிரக்கணக்கான துகள்களைப் படமெடுத்துக் கணினியில் சேர்க்கிறார்கள். இன்று புதிய வைரஸ் கிடைத்தால் பெரும்பாலும் அந்த வழியில்தான் போவார்கள், அதுதான் சரியும்கூட. ஆனால் சிறிய புரதங்களுக்கும், ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தில் எங்கே பொருந்துகிறது என்று துல்லியமாகப் பார்ப்பதற்கும் படிகம் இன்னும் வேண்டும். இந்தூரில் வலுவான எக்ஸ்ரே தரும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்றே ஒரு கதிர்வழி வைத்திருக்கிறார்கள்.

படிகம் வளர்ப்பதைக் கைவேலை என்று சிலர் சற்று இறக்கிப் பேசுவார்கள். நான் அதை ஒப்புவதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பெற்ற ரைபோசோம் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரிசில் பங்குபெற்ற அடா யோனத் ரைபோசோமின் முதல் படிகத்தை 1980-இல் வளர்த்தார். அணு அளவில் அமைப்பு வெளிவந்தது 2000-இல். நடுவில் இருந்த 20 வருடத்தில் பெரும்பகுதி, படிகத்தை மேம்படுத்துவதிலும் எக்ஸ்ரேயில் அது சிதையாமல் காப்பதிலும்தான் போனது. நல்ல படிகம் வராத இடத்தில் எவ்வளவு பெரிய கணினி வைத்திருந்தாலும் கணக்குப் போட ஒன்றும் இருக்காது.

கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த இரண்டு வைரஸ்களின் அமைப்பும் உலகப் புரதத் தரவு வங்கியில் எல்லோருக்கும் இலவசமாக வைக்கப்பட்டிருக்கின்றன. அகத்தி வைரஸின் எண் 1எஸ்எம்வி, ஈஸ்ட் வைரஸின் எண் 1எம்1சி. கைப்பேசியிலேயே அந்த எண்களை ஆங்கில எழுத்தில் அடித்துத் திறக்கலாம், விரலால் சுழற்றி எல்லாப் பக்கமும் பார்க்கலாம். அகத்தி வைரஸின் ஓட்டில் ஐந்து ஐந்தாகச் சேர்ந்த 12 இடங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.